அப்பாவுக்குச் செயற்கைக் காது வைக்க வேண்டும். ஸ்கேன் செய்து 3டி பிரிண்டரில் செய்வது நல்லதா, கையால் செய்வதா?

ஸ்கேன் வழியிலேயே போங்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பிரிண்டரிலிருந்து காது அப்படியே வந்து விழும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பாதீர்கள். கோலாலம்பூரில் ஒரு பல் லேபில் நெடுங்காலமாக முகத்துக்கான செயற்கை உறுப்புகள் செய்துவருகிறேன்.

உங்கள் அப்பாவுக்குக் கட்டியை அகற்றியதில் ஒரு காது போயிருக்கும், மற்றது நன்றாக இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். முன்பெல்லாம் அந்த இடத்தில் ஆல்ஜினேட் பசையைப் பூசி, மேலே பிளாஸ்டர் வைத்து அச்செடுப்போம். அந்தக் கனத்தில் தோல் அமுங்கி அளவு பிசகும். இப்போது ஒளிக்கோடுகளைப் பாய்ச்சிக் கேமராவே அளந்துகொள்கிறது, முகத்தில் யார் கையும் படுவதில்லை. நல்ல காதின் வடிவத்தைக் கணினியில் இடவலமாகத் திருப்பி, மெழுகிலோ பிசினிலோ அச்சிடுகிறோம். அது மாதிரி மட்டுமே. அதை வைத்து வார்ப்பு செய்து, அதில் சிலிகான் நிரப்பி எடுப்பதே அணிகிற காது.

பந்திங் பக்கத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவருக்கு இப்படித்தான் செய்தோம். மெழுகுக் காதைப் பொருத்திப் பார்த்தபோது மருத்துவர் உட்பட எல்லோருக்கும் திருப்தி. அவர் மனைவி மட்டும் கிட்டே வந்து, "தம்பி, போன காதில் கடுக்கன் ஓட்டை இன்னும் கீழே இருந்தது" என்றார். கைப்பையிலிருந்து பழைய படத்தை எடுத்துக் காட்டினார். அவர் சொன்னதுதான் சரி. ஸ்கேனருக்குத் தெரிந்தது இருக்கிற காது மட்டுமே. ஓட்டையை அடைத்துக் கீழே புதிதாகக் குத்தினேன்.

பிறகு நிறம். வெயிலில் உழைத்த மனிதரின் காதில் மேல் விளிம்பு கறுத்தும், உட்குழிவு வெளுத்தும், மடல் செம்மண் நிறத்திலும் இருக்கும். சிலிகானில் சாயத்தைக் கலந்து, படலம் படலமாக வைத்து, ரத்த நரம்புபோலத் தெரியச் சிவப்பு நூலிழை பதிக்க வேண்டும். டியூப் லைட்டில் பொருந்திய நிறம் வெளியே சாம்பல் பூத்துத் தெரியும். ஆகவே பகலில், ஜன்னலருகே உட்காரவைத்து நிறம் பார்க்கச் சொல்லுங்கள்.

கைத்தொழிலைக் காப்பாற்றப் பேசுகிறான் என்று சிலர் எழுதக்கூடும். ஸ்கேனர் வேண்டும் என்று முதலாளியிடம் மன்றாடியவனே நான். 2021 நவம்பரில் லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையில் 3டி பிரிண்டரில் அச்சிட்ட செயற்கைக் கண்ணைப் பொருத்தினார்கள், அருமையான வேலை. ஆனால் கண் கெட்டியான பொருள். காதின் ஓரமோ தோலோடு தோலாகக் கரைய வேண்டும்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் காதை ஒட்டும் பசை வியர்வைக்கு நெகிழும். எலும்பில் டைட்டானியம் திருகு பதித்துக் காந்தத்தால் மாட்டலாமா என்று அறுவை மருத்துவரிடம் கேளுங்கள். கதிர்வீச்சுச் சிகிச்சை எடுத்திருந்தால் அதையும் அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

காப்பீட்டைப் பற்றிக் கேட்காதீர்கள், வயிறு எரிகிறது. அந்தப் பெரியவரின் விண்ணப்பத்தை "அழகுக்கானது" என்று திருப்பி அனுப்பினார்கள். மூக்குக்கண்ணாடி மாட்ட இடமில்லாமல், கயிறு கட்டிப் பத்திரிகை படித்தவர் அவர். அழகாம்!

இன்னொன்று: சிலிகான் ஓரிரு ஆண்டில் வெளுத்துக் கிழியும், மறுபடி செய்யத்தான் வேண்டும். ஸ்கேன் கோப்பின் நகலை இப்போதே கேட்டு வாங்கி வைத்துக்கொண்டால், லேப் மாறினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.