புதுக் கண்ணாடியும் பஸ் படியும் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

செல்லூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். வயது 49. இரண்டு கண்ணிலும் தூரத்துக்கு மைனஸ் 1.50, சிலிண்டர் (கோணப் பார்வைக்கான பவர்) கிடையாது. வெள்ளெழுத்தும் வந்துவிட்டதால் போன வாரம் கோடு இல்லாத புரோகிரசிவ் லென்ஸ் போட்டேன். கீழே பிளஸ் 2.00 கூட்டியிருக்கிறார்களாம். டவுன் பஸ்ஸில் இறங்கும்போது படி எங்கே இருக்கிறதென்றே பிடிபடவில்லை. தலையைத் திருப்பினால் இரண்டு பக்கமும் ஆடுகிறது. பேப்பர் படிக்கக் கண்ணாடியைக் கையால் தூக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. துணி வெட்டும் மேஜையில் சாக்பீஸ் கோடு வளைந்து தெரிகிறது. கடைக்காரர் "போகப் போகப் பழகிரும்ணே" என்கிறார். எனக்குச் சர்க்கரையும் உண்டு. எத்தனை நாள் பொறுப்பது?

மு., செல்லூர்

அன்புள்ள மு.,

பஸ் படியும் பக்கவாட்டு ஆட்டமும் பழகிவிடும். கண்ணாடியைத் தூக்கிப் பிடிப்பது எத்தனை மாதமானாலும் பழகாது. அதைக் கடையில்தான் சரிசெய்ய வேண்டும். சாக்பீஸ் கோடு இந்த இரண்டிலும் சேராது, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

உங்கள் லென்ஸில் மேலே தூரப் பவர், அடியில் படிக்கிற பவர். நடுவில் குறுகலான ஒரு பாதை, அதில் பவர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. கோடு தெரியாமல் பவரை ஏற்றினால் பாதையின் இரு ஓரங்களும் கோணலாகத்தான் அமையும். எந்தக் கம்பெனியாலும் இதை ஒழிக்க முடியாது, ஒதுக்கி வைக்கத்தான் முடியும். கூட்டும் பவர் கூடினாலும் பாதை நீளம் குறைந்தாலும் கோணல் அதிகமாகும். ஆட்டம் தெரிவது இதனால்தான். தலை ஒரு பக்கம் திரும்பும்போது கண் எதிர்ப்பக்கம் எவ்வளவு நகர வேண்டும் என்று மூளை ஒரு கணக்கு வைத்திருக்கிறது. புது லென்ஸில் அந்தக் கணக்கு தப்புகிறது. கண்ணாடியைக் கழற்றாமல் போட்டிருந்தால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு வாரத்தில் சரியாகிவிடும். பழைய கண்ணாடியையும் இதையும் மாற்றி மாற்றிப் போட்டால் பழக்கம் தள்ளிக்கொண்டே போகும். காலையில் எழுந்ததும் போடுங்கள். முதல் அரை மணி நேரம் உட்கார்ந்தே இருந்துவிட்டு அப்புறம் நடங்கள். எதைப் பார்த்தாலும் மூக்கு அதை நோக்கித் திரும்பட்டும், கண்ணை மட்டும் ஓரத்துக்குத் தள்ளாதீர்கள்.

படி மங்குவதற்குக் காரணம், பிளஸ் 2.00 கூட்டிய அடிப்பகுதி ஏறக்குறைய 50 சென்டிமீட்டருக்குள் இருப்பதைப் பார்ப்பதற்காகச் செய்தது. படியோ கண்ணிலிருந்து ஒன்றரை மீட்டர் கீழே. இறங்கும்போது தாடையை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தினால் லென்ஸின் மேல்பகுதி வழியாகப் படி தெளியும். ஒரு கை கம்பியில் இருக்கட்டும். ஆட்டம் அடங்கும்வரை பைக் வேண்டாம், இரவில் கண்டிப்பாக வேண்டாம்.

இனி, தூக்கிப் பிடிப்பது. தூக்கினால் எழுத்து தெளிகிறதென்றால் லென்ஸின் பாதை உங்கள் கண்ணுக்குக் கீழே இறங்கி நிற்கிறது. இதற்கு நேர்மாறாகவும் நடக்கும்: தாடையைத் தாழ்த்தினால்தான் தூரத்துப் பஸ் போர்டு தெரிகிறதென்றால் பாதை மேலே ஏறிவிட்டது. இன்னொன்றும் பாருங்கள். பேப்பரை மூக்குக்கு நேராக 40 சென்டிமீட்டரில் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் படியுங்கள். பிறகு மற்றக் கண். இரண்டு முறையும் எதிரே உள்ள பத்தியே தெளிவாக இருக்க வேண்டும். ஒரு கண்ணுக்கு மட்டும் தலையைத் திருப்ப வேண்டியிருந்தால் பி.டி. தப்பு. பி.டி. என்பது மூக்கின் நடுவிலிருந்து கண்மணிக்கு உள்ள தூரம். அதை வலது, இடது என்று தனித்தனியாக அளக்க வேண்டும். மொத்தமாக அளந்து பாதியாக வகுப்பதால் வரும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பிசகே இந்த லென்ஸில் தொந்தரவு தரும்.

கடைக்குப் போனதும் லென்ஸை மாற்றச் சொல்லிச் சண்டை போடாதீர்கள். முதலில் பிரேமைச் சரிசெய்யச் சொல்லுங்கள். மதுரை வெயிலில் வியர்த்து மூக்கில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வழுக்கினாலே படிக்கிற பகுதி எட்டாமல் போகும். மூக்குப் பேடுகளை உள்பக்கம் நெருக்கினால் பிரேம் மேலே ஏறும். காதுக்குப் பின்னால் உள்ள வளைவையும் இறுக்க வேண்டும். பிரேமின் அடி கன்னத்தை நோக்கிப் பத்து டிகிரி போலச் சாய்ந்திருந்தால் படிக்கிற பகுதி அகலமாகக் கிடைக்கும். பிளாஸ்டிக் பிரேமை வீட்டில் வளைக்காதீர்கள், சூடு காட்டாமல் வளைத்தால் உடையும்.

அப்படியும் சரியாகவில்லையென்றால், லென்ஸில் புள்ளி வைத்துக் காட்டச் சொல்லுங்கள். டியூப் லைட்டுக்கு எதிரே சாய்த்துப் பிடித்தால் ஒவ்வொரு லென்ஸிலும் 34 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு நுண்ணிய குறிகள் தெரியும். காதுப் பக்கக் குறிக்குக் கீழே கூட்டிய பவர் பொறித்திருக்கும். 20 என்று இருந்தால் 2.00. அந்தக் குறிகளை வைத்து, லென்ஸ் கம்பெனியின் அளவு அட்டையின்படி மார்க்கரால் கண்மணிப் புள்ளியைக் குறிப்பார்கள். கண்ணாடியைப் போட்டு நேரே பார்க்கும்போது அது கண்மணியின் நடுவில் விழ வேண்டும். விழவில்லையென்றால் லென்ஸை மறுபடி செய்துதான் ஆக வேண்டும். பழகாவிட்டால் மாற்றித் தருவதற்குப் பல கம்பெனிகள் கெடு வைத்திருக்கின்றன, பில்லைப் பாருங்கள்.

சாக்பீஸ் கோட்டுக்கு வருகிறேன். மேஜை அகலத்துக்கு ஓடும் கோட்டின் இரு முனையும் கோணல் பகுதியில்தான் விழும். தையல்காரருக்கு இந்த லென்ஸைக் கொடுக்கும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும். உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. மைனஸ் 1.50 உள்ள கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமலே 67 சென்டிமீட்டர் வரை தெளிவு. உங்கள் டேப்பாலேயே கண்ணிலிருந்து மேஜைக்கும், மெஷின் ஊசிக்கும் அளந்து பாருங்கள். மேஜை 65 என்றால் வெட்டும்போது கண்ணாடியைக் கழற்றி வைத்தால் போதும். ஊசி 45 வாக்கில் இருந்து கண் களைத்தால், அந்தத் தூரத்துக்கு மட்டும் பிளஸ் 0.50 அல்லது 0.75 சாதா லென்ஸ் போதுமானதாக இருக்கலாம். டெஸ்ட் செய்பவரிடம் இரண்டு அளவையும் எழுதிக் கொடுங்கள். கேட்காவிட்டால் அவர் 40 சென்டிமீட்டருக்கே பவர் எழுதுவார்.

சர்க்கரை விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். சர்க்கரை ஏறி இறங்கினால் பவரும் மாறும். கண் டெஸ்ட் செய்த வாரத்தில் சர்க்கரை கூடியிருந்தால் அந்தச் சீட்டை நம்ப முடியாது. பல வாரம் கட்டுக்குள் இருந்த பிறகு மறுபடி பார்க்க வேண்டும். அண்ணா நகர் அரவிந்திலோ, அரசு ராஜாஜி மருத்துவமனையிலோ வருடம் ஒரு முறை கண்ணில் மருந்து விட்டு விழித்திரையைப் பாருங்கள். அன்று பார்வை சில மணி நேரம் மங்கும் என்பதால் துணைக்கு ஆள் வேண்டும். திடீரென்று இரட்டையாகத் தெரிந்தாலோ, மின்னல் போல வெட்டினாலோ, ஒரு பக்கம் திரை விழுந்தது போல மறைத்தாலோ கண்ணாடிக் கடைக்குப் போகாமல், அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.