இரும்புப் படகில் குடும்பத்தோடு கடல் தாண்டலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நானும் மனைவியும், ஆறு வயதிலும் பத்து வயதிலும் உள்ள எங்கள் இரண்டு பிள்ளைகளும் இரண்டு வருடம் கடலில் வாழ்வதென்று முடிவு செய்து படகு தேடிக்கொண்டிருக்கிறோம். 1986இல் கட்டிய 12 மீட்டர் எஃகுப் பாய்மரப் படகு ஒன்று பிடித்திருக்கிறது. முழுக்கப் புதுப்பித்தாயிற்று என்கிறார் விற்பவர். புது பெயிண்ட், புது மெத்தை, புது பாய்கள், புது எலக்ட்ரானிக்ஸ், உள்ளே போனால் வீடு மாதிரி இருக்கிறது. எதைப் பார்த்து முடிவெடுப்பது?

பதில்: மெத்தையை விடுங்கள். முதலில் தரைப்பலகைகளைத் தூக்கிப் பாருங்கள். தூக்கவே முடியாதபடி ஒட்டியோ ஆணியடித்தோ வைத்திருந்தால் அந்தப் படகைப் பற்றிப் பாதி தெரிந்துவிட்டது.

வெளியே பழுப்பாக ஒழுகியிருக்கும் துருவைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் நிறைய. ஆனால் அது கண்ணுக்குத் தெரிகிற துரு, சுரண்டி ப்ரைமரும் பெயிண்டும் அடித்தால் போய்விடும். எஃகுப் படகைத் தின்னும் துரு உள்ளே இருக்கிறது, தண்ணீர் தேங்கி நிற்கிற, யாரும் எட்டிப் பார்க்காத இடங்களில்: குளியலறைத் தட்டுக்குக் கீழே, நங்கூரச் சங்கிலி கிடக்கும் அறையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், சன்னல் சட்டத்துக்கு அடியில், அப்புறம் விலா மாதிரிக் குறுக்கே ஓடும் சட்டங்களில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் சின்ன ஓட்டைகள் குப்பையில் அடைபட்டுப்போன மூலைகளில். டார்ச்சும் ஒரு சின்னக் கண்ணாடியும் கொண்டுபோய், முழங்கால் வலிக்க வலிக்க அரை நாள் இதைப் பாருங்கள்.

பிறகு விற்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். புதுப்பித்தபோது படகின் உடலில் எங்கெல்லாம் வெல்டிங் செய்தீர்கள், அந்த இடத்தில் உள்பக்கத்துப் பெயிண்டை என்ன செய்தீர்கள்? வெளியே வெல்டிங் வைத்தால் அதே இடத்தில் உள்ளே இருக்கும் பெயிண்ட் கருகி உரிந்துவிடும். அலமாரியையும் படுக்கைப் பலகைகளையும் கழற்றாமல் வெளியிலிருந்தே வேலை பார்த்திருந்தால், அந்தக் கருகிய தகடு இன்றும் பெயிண்ட் இல்லாமல் இருட்டில் ஈரத்தோடு கிடக்கிறது என்றுதான் அர்த்தம். நல்ல புதுப்பிப்பு என்றால் உள்ளே எல்லாம் காலி செய்து வெறும் இரும்பாக நின்ற நிலையில் எடுத்த புகைப்படங்கள் இருக்கும். அந்தப் படங்கள் இருக்கிற படகுக்குக் கூடக் கொடுக்கலாம், இல்லாத படகுக்குப் புது மெத்தையை நம்பிக் கொடுக்க வேண்டாம்.

அடுத்து தகட்டின் கனம். இந்த அளவுப் படகில் பக்கங்கள் சுமார் 4 மி.மீ.யும், அடிப்பாகம் அதைவிடச் சற்றுக் கனமாகவும், மேல்தளமான டெக் சுமார் 3 மி.மீ.யும் இருப்பது வழக்கம். பழைய வரைபடம் கிடைத்தால் சரியான எண் அதில் இருக்கும். அல்ட்ராசோனிக் கருவி வைத்துக் கட்டம் கட்டமாக அளக்கச் சொல்லுங்கள், பெயிண்டைக் கணக்கில் சேர்க்காமல் இரும்பை மட்டும் அளக்கிற வகையாக இருக்கட்டும். நாலில் ஒரு பங்கு குறைந்திருந்தால் அந்தத் தகட்டை வெட்டி மாற்றுவதைப் பற்றிப் பேச வேண்டியதுதான். ஆனால் அந்தக் கருவி ஒரு நாணயம் அளவு இடத்தைத்தான் பார்க்கிறது, துருவோ பள்ளம் பள்ளமாக அரிக்கிறது. அதனால் படகைச் சோதித்துச் சொல்லும் அனுபவமுள்ள சர்வேயர் கையில் சுத்தியலும் இருக்கும், அவர் தட்டும்போது வரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கூடவே நில்லுங்கள்.

மெலிந்த தகட்டின் மேல் இன்னொரு தகட்டை வைத்து வெல்டிங் செய்து மூடியிருந்தால் நான் அதைப் பழுதுபார்த்ததாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன். வெட்டி எடுத்துப் புதுத் துண்டு பொருத்தியிருக்க வேண்டும். எஃகு டெக்கின் மேல் தேக்குப் பலகை பதித்திருந்தால் அதுவும் கவலைதான். ஒவ்வொரு திருகும் தண்ணீர் இறங்க ஒரு வழி, கீழே என்ன நடக்கிறது என்று பலகையைப் பெயர்க்காமல் தெரியாது.

கடைசியாக, படகு தண்ணீரில் நிற்கும்போது கரையிலிருந்து பாருங்கள். அடிப் பெயிண்டின் மேல்கோடு தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால், புதுப்பிக்கிறேன் என்று ஜெனரேட்டர், சோலார் தகடுகளைத் தாங்கும் வளைவு, கூடுதல் தொட்டி எல்லாம் ஏற்றிவிட்டார்கள். உயரத்தில் ஏற்றிய எடை படகை அதிகம் சாய வைக்கும், சாய்ந்தால் நிமிரும் பலத்தையும் குறைக்கும். இதையெல்லாம் தாண்டி வந்துவிட்டால் வாங்குங்கள். பிள்ளைகளோடு தூரம் போகிற குடும்பத்துக்கு நல்ல எஃகுப் படகைப் போல வேறொன்றை நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: எஃகுப் படகு ஆமை வேகம் என்கிறார்களே?

பதில்: மெல்லிய காற்றில் உண்மைதான். 4 மி.மீ. தகடு ஒரு சதுர மீட்டர் 31 கிலோவுக்கு மேல் வருகிறது, அதே நீள ஃபைபர் படகு பெரும்பாலும் இதைவிட லேசு. காற்றின் வேகம் எட்டு நாட் (knot, ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) என்பதற்குக் கீழே இறங்கினால் பெரிய லேசான பாய் ஒன்று வேண்டும், இல்லையென்றால் பொறுமை வேண்டும். ஆனால் காற்று நன்றாக வீசும் பாதையில் கணக்குப் போட்டுப் பாருங்கள். கேனரித் தீவுகளிலிருந்து கரீபியனுக்குச் சுமார் 2,700 கடல் மைல். சராசரி ஐந்து நாட் போனாலும் ஒரு நாளைக்கு 120 மைல், மூன்று வாரம் சொச்சத்தில் போய்விடலாம். லேசான படகு சில நாள் முந்தும், அவ்வளவுதான். கனமான படகு அலையில் மெதுவாக அசைவதால் சமைப்பவருக்கும் தூங்கும் பிள்ளைக்கும் எவ்வளவு சௌகரியம் என்பது இரண்டாம் நாள் இரவே தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. பிரெஞ்சு மாலுமி பெர்னார் மொய்தெஸ்ஸியே 1968-69இல் எங்கும் நிற்காமல் உலகை ஒன்றரைச் சுற்று சுற்றிய ஜோஷுவா, 12 மீட்டர் எஃகுப் படகுதான். 1982 டிசம்பரில் மெக்சிகோவின் காபோ சான் லூகாஸில் அடித்த புயல் இருபதுக்கும் மேற்பட்ட படகுகளைக் கரையில் தூக்கி எறிந்தபோது ஜோஷுவாவும் பாய்மரம் முறிந்து மணலில் கிடந்தது. அதை இழுத்து மீட்டார்கள், சரிசெய்தார்கள், இன்று அது பிரான்ஸின் லா ரோஷெல் கடல்சார் அருங்காட்சியகத்தின் படகு. எஃகு உடைவதற்கு முன் நெளியும். நள்ளிரவில் கடலில் மிதக்கும் கட்டையில் மோதும்போது பிள்ளைகள் தூங்கும் இடத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் அப்படி நெளிகிற பொருள் இருப்பதுதான் எனக்கு முக்கியம்.

கேள்வி: எங்கள் எஃகுப் படகின் அடியில் உள்ள துத்தநாகக் கட்டிகள் இரண்டு வருடமாகக் கரையவே இல்லை. தரமான கட்டிகள் என்று சந்தோஷப்படலாமா?

பதில்: வேண்டாம், உடனே கவனியுங்கள். இரும்புக்குப் பதிலாகத் தான் கரைவதற்காகத்தான் துத்தநாகத்தை வைக்கிறோம். அது கரையவில்லை என்றால் வேலை செய்யவில்லை. யாரோ அதன் மேல் பெயிண்ட் அடித்திருக்கலாம், போல்ட் துருப்பிடித்து உடலோடு தொடர்பு விட்டுப்போயிருக்கலாம், அல்லது படகு நன்னீரில் நிற்கலாம், அங்கே துத்தநாகத்தின் மேல் ஏடு படிந்து மந்தமாகிவிடும், மக்னீசியம்தான் சரி. சில்வர் குளோரைடு மின்முனை ஒன்றை வாங்கிக் கடல் தண்ணீரில் தொங்கவிட்டு, மல்டிமீட்டரின் மறுமுனையை உடலின் வெற்று இரும்பில் வைத்துப் பாருங்கள். மைனஸ் 800க்கும் மைனஸ் 1,050 மில்லிவோல்ட்டுக்கும் நடுவில் காட்டினால் படகு பாதுகாப்பில் இருக்கிறது. மைனஸ் 600 பக்கம் நின்றால் இரும்பு கரைந்துகொண்டிருக்கிறது.

கரை மின்சாரத்தில் இணைத்து வைத்திருந்தால் எர்த் வயர் வழியாக உங்கள் படகும் பக்கத்துப் படகுகளும் ஒரே பேட்டரி மாதிரி ஆகிவிடும், உங்கள் துத்தநாகம் அவர்களுக்கும் சேர்த்துக் கரையும். அதற்கு, கரை வயரோடு நேரடித் தொடர்பில்லாமல் மின்சாரத்தை மட்டும் படகுக்குத் தரும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள். படகின் பேட்டரி வயர் இரண்டுமே உடலைத் தொடக்கூடாது, இஞ்சினின் ஆல்டர்னேட்டர் உட்பட. பிள்ளைகள் இருக்கிற படகென்றால் தரைப்பலகைக்குக் கீழே தண்ணீர் சேரும் அடிப்பள்ளமான பில்ஜையும் அடிக்கடி பாருங்கள். ஈரத்தில் விழுந்து கிடக்கும் ஒரு செம்பு நாணயம் அடியில் இருக்கும் தகட்டைப் பள்ளமாகத் தின்னும்.

கேள்வி: காம்பஸ் ஒரு திசை, ஜி.பி.எஸ். ஒரு திசை காட்டுகிறது. ஆட்டோ பைலட் பாம்பு மாதிரி வளைந்து போகிறது.

பதில்: உங்களைச் சுற்றி இருப்பது எல்லாம் இரும்பு, காம்பஸ் வேறென்ன செய்யும்? திறந்த இடத்தில் படகை எட்டுத் திசைக்கும் திருப்பித் திருப்பிப் பிழையைக் குறித்து அட்டவணை போட வேண்டும். பெரிய வெல்டிங் வேலை எதுவும் நடந்தால் மறுபடியும் முதலிலிருந்து. ஆட்டோ பைலட்டின் திசை உணரியைக் கேபினுக்குள் வைத்திருந்தால் எடுத்துப் பாய்மரத்தில் உயரமாக மாட்டுங்கள், பாய்மரம் அலுமினியமாக இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு ஆண்டெனா வைத்த சாட்டிலைட் காம்பஸுக்குக் காந்தத் தொல்லையே இல்லை. நீண்ட பயணத்துக்கு என் விருப்பம், காற்றின் திசையைப் பிடித்துப் படகைத் தானாகவே ஓட்டும், பின்னால் மாட்டும் காற்றுத் தகட்டுச் சுக்கான். அதற்கு மின்சாரமும் வேண்டாம், காம்பஸும் வேண்டாம்.

கேள்வி: சின்னப் பிள்ளைகளுக்காகப் படகில் என்ன மாற்ற வேண்டும்?

பதில்: எஃகின் பெரிய வசதி, எதையும் நேராக வெல்டிங் வைத்துவிடலாம், ஓட்டை போட்டுத் திருக வேண்டியதில்லை, ஒழுகாது. டெக்கைச் சுற்றிக் கம்பிக் கயிறுக்குப் பதில் உறுதியான குழாய்க் கைப்பிடி வையுங்கள், அதில் வலை கட்டுங்கள். பாதுகாப்பு பெல்ட்டின் கயிற்றை மாட்டும் வளையங்கள் டெக்கின் நடுப்பக்கமாக இருக்கட்டும், இணைக்கும் கயிறு பிள்ளை விளிம்பைத் தாண்டி விழ முடியாத அளவுக்குக் குட்டையாக இருக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் துணித் தடுப்போடு தனிப் படுக்கை கட்டாயம், சாய்ந்து ஓடும் படகில் அது இல்லாமல் யாரும் தூங்க முடியாது.

தண்ணீர்மட்டத்துக்கு மேலே முழுவதும் இன்சுலேஷன் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் குளிர் இரவில் மூச்சுக்காற்றின் ஈரம் இரும்பில் படிந்து போர்வையில் சொட்டும், வெயிலில் கேபின் அடுப்பாகும். ஆனால் தண்ணீர்மட்டத்துக்குக் கீழே ஃபோம் இன்சுலேஷன் வேண்டாம், துருவை மறைத்துவிடும். ஃபோம் அடித்த படகில் எப்போது வெல்டிங் செய்தாலும் உள்ளே ஒருவர் தீயணைப்பானோடு நிற்க வேண்டும், தீப்பிடித்தால் நச்சுப் புகை நொடியில் நிரம்பிவிடும்.

கேள்வி: இரும்புப் படகை இடி தாக்காதா?

பதில்: தாக்கும். ஆனால் மின்சாரம் உங்களைச் சுற்றியுள்ள உடல் வழியாகவே கடலுக்குப் போய்விடும், உள்ளே இருப்பவர்களுக்கு ஃபைபர் படகைவிட இதுதான் பத்திரம். எலக்ட்ரானிக்ஸ் போகலாம். மேகம் கறுத்ததும் எல்லாரும் கீழே இறங்குங்கள், இரும்பைத் தொடாமல் உட்காருங்கள், கையடக்க ஜி.பி.எஸ்ஸை அணைந்திருக்கும் ஓவனுக்குள் வைத்து மூடிவிடுங்கள், அந்த உலோகப் பெட்டி அதைக் காக்கும்.