மேக்புக்கில் ஸ்பீக்கர், டிவி இரண்டிலும் ஒரே நேரத்தில் சத்தம் வரும்போது வால்யூம் கீ ஏன் வேலை செய்வதில்லை? வழி உண்டா?

கேள்வி கேட்டவரின் நிலைமை இது: மேக்புக்கின் சொந்த ஸ்பீக்கர், எச்டிஎம்ஐ கேபிளில் மாட்டிய டிவி, சில நாள் இரண்டு புளூடூத் ஹெட்போன். இவற்றில் ஒரே நேரத்தில் சத்தம் வர "மல்டி-அவுட்புட் டிவைஸ்" உருவாக்கியிருக்கிறார். சத்தம் வருகிறது. ஆனால் எஃப்11, எஃப்12 கீகளை அழுத்தினால் திரையில் தடைக்குறிதான் வருகிறது. மெனு பாரில் உள்ள வால்யூம் ஸ்லைடரும் மங்கிக் கிடக்கிறது.

கீபோர்டில் கோளாறு இல்லை. வால்யூம் கீ தானாக எதையும் கூட்டிக் குறைப்பதில்லை. அந்த நேரத்தில் தேர்வாகியிருக்கும் அவுட்புட்டின் வால்யூமை நகர்த்தச் சொல்கிறது, அவ்வளவுதான். மல்டி-அவுட்புட் டிவைஸுக்கு என்று தனியாக ஒரு வால்யூமை மேக்ஓஎஸ் வைக்கவில்லை. அதனால்தான் தடைக்குறி. எச்டிஎம்ஐயைத் தனியாகத் தேர்ந்தெடுத்தாலும் பெரும்பாலும் இதே கதைதான்: மேக் முழு அளவில் சிக்னலை அனுப்பிவிடும், கூட்டுவதும் குறைப்பதும் டிவியின் பொறுப்பு.

முதலில் அமைப்பைச் சரிபாருங்கள், இங்கேதான் பாதிப் பேர் தவறுகிறார்கள். அப்ளிகேஷன்ஸ், அதற்குள் யுடிலிட்டீஸ், அதற்குள் இருக்கும் ஆடியோ மிடி செட்டப் என்ற செயலியைத் திறங்கள். இடது பக்கம் கீழே உள்ள கூட்டல் குறியை அழுத்தினால் இரண்டு வகை தெரியும்: அக்ரிகேட் டிவைஸ், மல்டி-அவுட்புட் டிவைஸ். அக்ரிகேட் என்பது பல கருவிகளின் சேனல்களை வரிசையாக அடுக்கி ஒரே பெரிய கருவியாகக் காட்டுவது, ரெக்கார்டிங் வேலைக்கானது. அதைத் தேர்ந்தெடுத்தால் பாட்டு முதல் கருவியில் மட்டும் கேட்கும். நமக்கு வேண்டியது மல்டி-அவுட்புட்.

அதில் வேண்டிய கருவிகளுக்கு டிக் போடுங்கள். மேலே "பிரைமரி டிவைஸ்" என்று ஒன்றைக் கேட்கும். மற்றவை எல்லாம் அதன் கடிகாரத்தை, அதாவது ஒலியை ஓட்டும் வேகத்தை, பின்பற்றும் என்பதால் மேக்புக் ஸ்பீக்கர் மாதிரி நிலையான ஒன்றை வையுங்கள், புளூடூத் வேண்டாம். மீதி எல்லாவற்றுக்கும் "டிரிஃப்ட் கரெக்‌ஷன்" டிக் அவசியம். இரண்டு கருவிகளின் கடிகாரமும் துல்லியமாக ஒத்துப்போகாது. இந்த டிக் இல்லாவிட்டால் முதலில் நன்றாக ஓடிவிட்டுப் போகப்போக இடையிடையே "டிக் டிக்" என்று வெட்டும். சாம்பிள் ரேட் (ஒரு நொடி ஒலியை எத்தனை துண்டாக அளக்கிறது என்ற எண்) எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கட்டும். டிவி சேர்ந்திருந்தால் 48,000 ஹெர்ட்ஸ் பொருத்தம்.

இனி வால்யூம். மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் ஒரு குழாய் கீழே இரண்டாகப் பிரிகிறது என்று வையுங்கள். ஒவ்வொரு குழாயாகத் திருகுவதைவிடப் பிரிவதற்கு முன்னால் உள்ள வால்வைத் திருகுவது எளிது. ஒலிக்கும் அதுவே. பிரிவதற்கு முன் உள்ள வால்வு, பாட்டை ஓடவிடும் செயலியின் சொந்த வால்யூம். யூடியூப் வீடியோவில் மேல், கீழ் அம்புக்குறி கீகள் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் 5% நகர்த்தும் (வீடியோவின் மேல் ஒருமுறை கிளிக் செய்த பிறகு, இல்லாவிட்டால் பக்கம்தான் உருளும்). விஎல்சியிலும் ஆப்பிள் மியூசிக்கிலும் கமாண்ட் கீயோடு மேல், கீழ் அம்பு. குவிக்டைமில் வெறும் அம்பே போதும். டிவி, ஸ்பீக்கர், ஹெட்போன் எல்லாம் ஒரே அளவில் சேர்ந்து இறங்கும். எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை, காசும் இல்லை. டிவி சேர்ந்த அமைப்புக்கு என் பரிந்துரை இதுதான்.

இதற்கு முன் ஒரே ஒரு முறை சமன் செய்ய வேண்டும். பேச்சு நிறைந்த ஒரு வீடியோவை ஓடவிட்டு, டிவியை ரிமோட்டில் வசதியான அளவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு ஆடியோ மிடி செட்டப்பில் இடது பட்டியலில் மேக்புக் ஸ்பீக்கரைக் கிளிக் செய்து, அவுட்புட் பகுதியில் உள்ள ஸ்லைடரை டிவிக்கு ஈடாக நகர்த்துங்கள். மல்டி-அவுட்புட் மங்கிக் கிடந்தாலும் அதன் உள்ளே இருக்கும் ஸ்பீக்கருக்கும் ஹெட்போனுக்கும் சொந்த ஸ்லைடர் உயிரோடுதான் இருக்கிறது.

எஃப்11, எஃப்12 கீகளே வேண்டும் என்றால் மல்டிசவுண்ட்சேஞ்சர் என்ற இலவச, திறந்த மூலச் செயலி இருக்கிறது. நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் கிடைக்கும். கீ அழுத்தத்தைப் பிடித்து, உள்ளே இருக்கும் ஒவ்வொரு கருவியின் ஸ்லைடரையும் அது நகர்த்துகிறது. கீ அதற்குக் கேட்காவிட்டால் சிஸ்டம் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, ஆக்சஸிபிலிட்டி போய் அதற்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு ஹெட்போனுக்கு இது கச்சிதம். எச்டிஎம்ஐ டிவிக்கு நகர்த்த ஸ்லைடரே கிடையாது என்பதால் ஸ்பீக்கர் இறங்கும், டிவி அதே சத்தத்தில் இருக்கும்.

டிவியில் மட்டும் சத்தம் போதும், கீயும் வேலை செய்ய வேண்டும் என்பவர்களுக்குச் சவுண்ட்சோர்ஸ் என்ற கட்டணச் செயலி பொருந்தும். அதில் "சூப்பர் வால்யூம் கீஸ்" என்ற வசதி எச்டிஎம்ஐக்கும் கீயை இயக்கித் தரும். மானிட்டர்கன்ட்ரோல் என்ற இலவசச் செயலியைப் பலர் சொல்வார்கள். அது டிடிசி என்ற முறையில் மானிட்டருக்கே கட்டளை அனுப்புகிறது. கணினி மானிட்டர் என்றால் முயன்று பாருங்கள். டிவிகள் பெரும்பாலும் டிடிசிக்குச் செவி சாய்ப்பதில்லை.

புளூடூத் பற்றி ஓர் எச்சரிக்கை. ஸ்பீக்கரையும் புளூடூத் ஹெட்போனையும் சேர்த்தால் புளூடூத் ஒலி சற்றுப் பிந்தி வரும், எதிரொலி போலக் கேட்கும். டிரிஃப்ட் கரெக்‌ஷன் இதைச் சரிசெய்யாது. அது கடிகார வேகத்தை ஒத்துப்போக வைப்பது, தாமதத்தை ஈடுகட்டுவது அல்ல. ஒரே மாடல் ஹெட்போன் இரண்டைச் சேர்த்தால் இந்தத் தொல்லை குறைவு.

ஏர்பாட்ஸ் வைத்திருப்பவர்கள் வரிசையையும் கவனியுங்கள். காதில் வைத்ததும் மேக் அவுட்புட்டைத் தானாக அதற்கு மாற்றிவிடக்கூடும். உடனே கீ வேலை செய்யும், டிவி ஊமையாகும். எல்லாம் சரியாகிவிட்டது போலத் தோன்றும். ஏர்பாட்ஸ் இணைந்த பிறகு ஆப்ஷன் கீயோடு ஏதாவது ஒரு வால்யூம் கீயை அழுத்துங்கள். சவுண்ட் செட்டிங்ஸ் நேராகத் திறக்கும். அவுட்புட் பட்டியலில் மல்டி-அவுட்புட் டிவைஸை மறுபடி தேர்ந்தெடுங்கள்.