நீதியின் கனி எது, எது இல்லை: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, நீதியாய் நடந்தால் கடன் தீரும், வியாதி அண்டாது என்று ஒரு கூட்டத்தில் சொன்னார்கள். நீதியின் கனி என்பது இதுதானா?

இல்லை தம்பி. கூலி வேறு, கனி வேறு. பிலிப்பியர் முதல் அதிகாரத்தில் "நீதியின் கனிகளால் நிறைந்தவர்களாகி" என்று எழுதியபோது பவுல் விலங்கிடப்பட்டிருந்தார். யோபு உத்தமன், அவனுக்குத்தான் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை பருக்கள். நீதி என்ன விளைவிக்கும் என்பதை ஏசாயா 32:17 நேராகச் சொல்கிறது: சமாதானம், அமரிக்கை, சுகம். கடன் கழுத்தை நெரிக்கும் நாளிலும் பொய்க்கணக்கு எழுதாமல் தூங்கப் போக முடிகிறதே, அது கனி. வியாதிப்படுக்கையில் இருப்பவரிடம் போய் "என்ன பாவம் செய்தீர்கள்" என்று கேட்பவர்கள் தயவுசெய்து யோவான் 9:3-ஐ வாசியுங்கள்.

கேள்வி: ஆவியின் ஒன்பது கனிகளில் எனக்கு அன்பும் தயவும் உண்டு, இச்சையடக்கம் மட்டும் இல்லை. பரவாயில்லையா?

கலாத்தியர் 5:22-ல் இருப்பது "கனிகள்" அல்ல, "ஆவியின் கனி". கிரேக்கத்திலும் ஒருமைதான். அதற்கு முன்னே வரும் "மாம்சத்தின் கிரியைகள்" பன்மை. ஒன்பதும் ஒரே பழத்தின் சுளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இச்சையடக்கம் இல்லாத அன்பு வீட்டாருக்குச் சீக்கிரமே பாரமாகிவிடும். (கத்தோலிக்க மறைக்கல்வியில் பன்னிரண்டு என்று இருக்கும். அது வுல்காத்தா என்ற பழைய லத்தீன் வேதாகமத்தின் பட்டியல், குழம்ப வேண்டாம்.)

கேள்வி: இரட்சிக்கப்படுவதற்கு முன் வேலை பார்த்த கடையில் கல்லாவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் எடுத்திருக்கிறேன். ஜெபத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். போதாதா?

போதாது. தேவனிடம் கேட்டது சரி. முதலாளியின் பணம் இன்னும் உங்களிடம்தானே இருக்கிறது? "மனந்திரும்புதலுக்கு ஏற்ற கனிகளை" யோவான் ஸ்நானன் கேட்டபோது, ஜனங்கள் "நாங்கள் என்ன செய்யவேண்டும்" என்றார்கள். வரி வசூலிக்கும் ஆயக்காரருக்கு அவர் சொன்னது: கட்டளையிட்டதற்கு அதிகமாய் வாங்காதே. போர்ச்சேவகருக்கு: பொய்க்குற்றம் சாட்டாதே, உன் சம்பளம் போதும் என்றிரு. அவரவர் கை எங்கே கறைப்பட்டதோ அங்கேதான் முதல் கனி.

அளவை லேவியராகமம் 6:5 தருகிறது: முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கவேண்டும். 10,000 ரூபாய் எடுத்திருந்தால் 12,000. தொகை சரியாக நினைவில்லை என்றால் கூட்டியே போடுங்கள், குறைக்காதீர்கள். பிடிபட்ட திருடனுக்கு யாத்திராகமம் 22 இதைவிடக் கடுமையானது. விற்ற ஆட்டுக்கு நான்கு ஆடு. தானாக அறிக்கையிட்ட சகேயு என்ற ஆயக்காரர் அந்த நான்கு மடங்கைத் தன்மேல் போட்டுக்கொண்டதுதான் ஆச்சரியம்.

முதலில் தொகையைத் தாளில் எழுதுங்கள். போதகரிடம் பேசுங்கள், பெரிய தொகையென்றால் வழக்கறிஞரிடமும். பிறகு முதலாளியை நேரில் பாருங்கள். "அப்போது வீட்டில் கஷ்டம்", "நீங்களும் சம்பளம் குறைவாகத்தான் கொடுத்தீர்கள்" என்று ஆரம்பித்தால் அறிக்கை வழக்காகிவிடும். எடுத்தேன், இவ்வளவு, இந்தத் தேதிகளில் திருப்பித் தருகிறேன், அவ்வளவுதான். அவர் கோபப்படலாம், புகார் கொடுக்கலாம். அதற்கும் மனதை ஆயத்தப்படுத்திக்கொண்டு போங்கள். அவர் இறந்திருந்தால் வாரிசிடம் கொடுங்கள். வாங்க யாருமே இல்லாவிட்டால்தான் எண்ணாகமம் 5:8-ன்படி அது கர்த்தருக்கு. பலர் தவறுவது இங்கேதான்: உரியவர் உயிரோடு இருக்க, வெட்கத்துக்குப் பயந்து காணிக்கைப் பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். அது அடுத்தவர் பணத்தில் செலுத்திய காணிக்கை.

கேள்வி: இப்படியெல்லாம் செய்து இரட்சிப்பைச் சம்பாதிக்கவேண்டுமா?

வேண்டாம். எபேசியர் 2:8, 9, 10 மூன்றையும் சேர்த்தே படியுங்கள். கிருபை முதலில், நற்கிரியை பின்னால். பழத்தைக் கட்டித் தொங்கவிட்டால் மரம் உயிர் பெறாது.

கேள்வி: ஞானஸ்நானம் எடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. கோபம் குறையவே இல்லை, பிரதர்.

நட்ட மரத்தின் பழத்தை மூன்று வருஷம் தொடாதே, நான்காம் வருஷத்துக் கனி கர்த்தருக்குப் பரிசுத்தம், ஐந்தாம் வருஷம் புசி என்கிறது லேவியராகமம் 19. லூக்கா 13-ல் மூன்று வருஷம் காய்க்காத அத்திமரத்துக்கு இன்னும் ஒரு வருஷம் கிடைத்தது. ஆனால் சும்மா இல்லை, சுற்றிலும் கொத்தி எருப்போட்டு. எந்த நேரத்தில், யாரிடம், எதற்குக் கோபம் வந்தது என்று ஒரு மாதம் குறித்து வையுங்கள். பசியா, தூக்கமின்மையா, அடங்காத பெருமையா என்று தெரியவரும். கொத்தவேண்டிய இடம் அது. நீங்கள் திட்டியவரிடம் அன்றைக்கே, பொழுது சாய்வதற்குள், மன்னிப்புக் கேளுங்கள். முதலில் குறைவது கோபமல்ல, அது நீடிக்கும் நேரம்.

கேள்வி: நேர்மையாக இருக்கத் தொடங்கியபின்தான் இழப்பு அதிகம். ஏன்?

யோவான் 15:2-ல் கத்தி விழுவது காய்க்கும் கொடியின்மேலும்தான். திராட்சைக்குக் கவாத்து செய்யாவிட்டால் இலை மண்டும், குலை சிறுக்கும். கவாத்துக்குப் பின் வரும் புதுத் தளிரில்தான் குலை பிடிக்கும். ஆனாலும் எல்லா இழப்பும் கவாத்து அல்ல. உங்கள் அவசர முடிவால் வந்த நஷ்டத்தை தேவன் கணக்கில் எழுதாதீர்கள்.

கேள்வி: அம்மாவுக்கு எண்பது வயது. ஊழியம் ஒன்றும் செய்ய முடியவில்லையே என்று அழுகிறார்கள்.

சங்கீதம் 92-ஐ வாசித்துக் காட்டுங்கள்: "முதிர்வயதிலும் கனி தந்து". 12-ஆம் வசனத்தில் நம் வேதாகமம் பனை என்கிறது. எபிரெயச் சொல் பேரீச்சையைக் குறிக்கும், பல பத்தாண்டுகள் குலை தள்ளுகிற மரம். பேரப்பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபிக்கச் சொல்லுங்கள். ஒருவரோடொருவர் பேசாமல் இருக்கும் இரண்டு பிள்ளைகள் வீட்டில் உண்டென்றால், இருவரையும் ஒரே நாளில் சாப்பிட வரச்சொல்லி அம்மாவே கூப்பிடட்டும்.