செவிலியர் எம்.பி.எச். படிக்கலாமா?

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் முடித்து நான்கு வருடமாக மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை செய்கிறேன். எம்.பி.எச். (பொது சுகாதார முதுநிலைப் படிப்பு) படிக்க ஆசை, அதிலும் ‘ஹெல்த் சிஸ்டம்ஸ்’ பக்கம். அது டாக்டர்களுக்கான படிப்பு என்கிறார்கள் வீட்டில். உண்மையா? என்ன சொல்லித் தருவார்கள்? வேலை கிடைக்குமா?

பதில்: டாக்டர்களுக்கு மட்டுமான படிப்பு இல்லை. நர்சிங், பல் மருத்துவம், சித்தா, சமூகப்பணி என்று பல பக்கமிருந்தும் வருகிறார்கள். ஆனால் உங்கள் வீட்டார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அது என்ன என்பதை வேலை பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

நோயாளிக்கு எந்த மாத்திரை என்பது மருத்துவம். அந்த மாத்திரை அந்த ஊருக்கு எப்படி வந்து சேருகிறது, அதற்குப் பணம் யார் கொடுக்கிறார்கள், வராவிட்டால் யாருக்குத் தெரியவரும் என்பதெல்லாம் சுகாதார அமைப்பு, நீங்கள் சொல்லும் ‘ஹெல்த் சிஸ்டம்ஸ்’. உலக சுகாதார நிறுவனம் 2007-இல் இதை ஆறு கூறுகளாகப் பிரித்தது: சேவை, பணியாளர்கள், தகவல், மருந்தும் கருவிகளும், நிதி, நிர்வாகம். ஆறையும் முதல் மாதமே ஒப்பித்துவிடுவீர்கள். ஒன்றில் கை வைத்தால் இன்னொன்று எங்கே அசைகிறது என்று பார்க்கப் பழகத்தான் இரண்டு வருடம்.

ஒருமுறை மாணவர்களை ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். மருந்தாளுநர் பாஸ்புக்கை எடுத்துக் காட்டினார். 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகத்தின் ஏற்பாடு அது. ஒவ்வொரு நிலையத்துக்கும் வருடத்துக்கு இத்தனை ரூபாய்க்கு மருந்து என்று ஒதுக்கீடு உண்டு. மாவட்டக் கிடங்கிலிருந்து எடுக்க எடுக்க, வங்கிப் புத்தகம் மாதிரி கழிந்துகொண்டே வரும். மேலே இருப்பவர்கள் அனுப்புவதை வாங்கி வைத்துக்கொள்ளும் முறை இல்லை. இங்கே தேவையானதை இங்கிருப்பவர்தான் கேட்க வேண்டும். அம்லோடிபின் என்ற ரத்தக்கொதிப்பு மாத்திரையின் வரிகளை விரலால் தொட்டுக்கொண்டே வந்த ஒரு மாணவி, “சார், முன்னாடி மூணு மாசம் வந்த சரக்கு இப்ப ஏன் ரெண்டு மாசத்துல தீருது?” என்று கேட்டார். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கிய பிறகு, வீட்டுக்கே போய் ரத்தக்கொதிப்பு பார்த்து மாத்திரையும் கொடுக்கிறார்கள். அதுவரை கணக்கிலேயே இல்லாத நோயாளிகள் கணக்கில் வந்துவிட்டார்கள். அந்த நிலையத்தில் இண்டென்ட் (கிடங்குக்கு அனுப்பும் மருந்துக் கோரிக்கை) மட்டும் பழைய அளவிலேயே போய்க்கொண்டிருந்தது. சேவை நன்றாக நடந்ததால்தான் அலமாரி காலியானது! இந்தக் கேள்வியைக் கேட்டவர் டாக்டர் இல்லை, உங்களைப் போல ஒரு செவிலியர்.

எங்கே படிப்பது? சென்னை அயப்பாக்கத்தில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தின் எம்.பி.எச். படிப்புக்குப் பெயரே ‘தொற்றுநோயியலும் சுகாதார அமைப்புகளும்’ என்பதுதான். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் இந்தப் படிப்பில் மூத்தது. சுகாதார நிதி, கொள்கை பக்கம் மனம் போனால் மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தைப் பாருங்கள். தகுதி விதிகள் இடத்துக்கு இடம் மாறும், அந்தந்த வருட அறிவிப்பைப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள். கட்டடத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். களப்பணி எத்தனை வாரம், போன வருடம் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்ற இரண்டையும் சீனியர்களிடம் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அந்த இடம் வேண்டாம்.

சரி, வேலை. பொது சுகாதாரத்துக்கென்று தனி இயக்குநரகமும் 1939-இலிருந்தே ஒரு சட்டமும் இருக்கிற மாநிலம் நம்முடையது. ஆனால் அந்த இயக்குநரகத்தின் சுகாதார அலுவலர் பதவிகள் எம்.பி.பி.எஸ். படித்தவர்களுக்கு. எம்.பி.எச். மட்டும் வைத்துக்கொண்டு அதற்குள் போக முடியாது. வீட்டார் சொன்ன பாதி உண்மை இதுதான். உங்களுக்குத் திறந்திருப்பவை தேசிய சுகாதார இயக்கத்தின் பணிகள், ஆராய்ச்சித் திட்டங்கள், தொண்டு நிறுவனங்கள், மருத்துவமனைகளின் தரப் பிரிவு, காப்பீட்டு நிறுவனங்கள். இவற்றில் பல ஒப்பந்த வேலை. அதனால் லட்சக்கணக்கில் கடன் வாங்கித் தனியார் பல்கலைக்கழகத்தில் சேருவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நல்ல அரசு நிறுவனத்தில் இடம் கிடைக்கவில்லையா, ஒரு வருடம் பொறுத்து மறுபடி எழுதுங்கள்.

புள்ளியியலுக்குப் பயந்துதான் நிறையப் பேர் பின்வாங்குகிறார்கள். இப்போதே எக்செலில் கை பழகுங்கள். 2017-18-இல் எடுத்த தேசிய மாதிரி ஆய்வின் 75-ஆவது சுற்றில், குடும்பங்கள் மருத்துவத்துக்கு எவ்வளவு செலவு செய்தன என்ற விவரம் இருக்கிறது. இணையத்திலிருந்து இறக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாருங்கள்.

அப்புறம், உங்கள் வார்டு. முதல்வர் காப்பீட்டு அட்டையோடு வந்தவர்களும் கையிலிருந்து எதற்கெல்லாம் பணம் கொடுத்தார்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்: ஸ்கேனா, வெளியே வாங்கிய மருந்தா, கூட இருந்தவரின் சாப்பாடா, ஆட்டோவா. நேர்முகத் தேர்வில் “ஏன் இந்தப் படிப்பு?” என்று கேட்கும்போது பேச அந்த நோட்டில் விஷயம் இருக்கும், பிறகு ஆய்வுத் தலைப்பும் அதிலிருந்தே வரலாம். நோயாளியின் பெயரோ ஐ.பி. (உள்நோயாளி) எண்ணோ அதில் வேண்டாம். தேதி, என்ன செலவு, எவ்வளவு என்ற மூன்று கட்டம் போதும். அடுத்த டிஸ்சார்ஜிலிருந்தே எழுதத் தொடங்குங்கள்.