குற்றப்பத்திரிகைக் கெடு, டீஃபால்ட் ஜாமீன்: கேள்வி பதில்

கே: சார், தம்பி ஜூலை 1 கைது, 2-ஆம் தேதி ரிமாண்ட் (கோர்ட் காவலில் வைக்க உத்தரவு). 60 நாளை எப்படி எண்ணுவது?

ப: வழக்கைப் பொறுத்து 60 அல்லது 90 நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால், உள்ளே இருப்பவர் உரிமையாகக் கேட்டு வாங்கும் ஜாமீன்தான் டீஃபால்ட் ஜாமீன். ரிமாண்ட் ஆன நாளையும் சேர்த்து எண்ணுங்கள். 2023-ல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு சொன்னது இது. ஆகஸ்ட் 30-தான் அறுபதாவது நாள். குற்றப்பத்திரிகை வராவிட்டால் 31-ஆம் தேதி கோர்ட் திறந்ததுமே மனு போடுங்கள்.

கே: மதியம் போட்டால் ஆகாதா?

ப: அதற்குள் போலீஸ் தாக்கல் செய்துவிட்டால் உரிமை போச்சு. நீங்கள் முந்திவிட்டால் அசைக்க முடியாது. சென்னையில் ஒரு போதைப்பொருள் வழக்கு. அதற்குக் கெடு 180 நாள். முடிந்த மறுநாள் காலை 10.30-க்கு மனு போட்டார்கள். அன்று மாலை 4.25-க்கு அரசுத் தரப்பு கூடுதல் புகாரை (அந்த வழக்கில் குற்றப்பத்திரிகை போன்றது) கொண்டுவந்தது. கீழ்க்கோர்ட் கொடுத்த ஜாமீனை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் திரும்பக் கொடுத்தது.

கே: 90 நாள் முடிந்தால் தானாக விட்டுவிடுவார்களா?

ப: விடமாட்டார்கள். மனு போடவேண்டும்.

கே: கொரோனா காலத்தில் கெடுவையெல்லாம் நீட்டினார்களே, அந்த நாட்கள் கணக்கிலிருந்து கழியுமா?

ப: கழியாது. மதுரைக் கிளையில் ஒரு நீதிபதி கழியாது என்றார், இன்னொருவர் கழியும் என்றார். 2020 ஜூன் 19-ல் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது: அந்த நீட்டிப்பு குற்றப்பத்திரிகைக்குப் பொருந்தாது.

கே: ஊரடங்கில் போலீஸ் எப்படி சார் விசாரிக்கும்? இது அநியாயம்.

ப: விசாரணையை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. 61-ஆம் நாளிலும் தாக்கல் செய்யலாம், வழக்கு அப்படியே நடக்கும். ஆளை உள்ளே வைத்திருக்கும் அதிகாரம் மட்டும்தான் முடிகிறது. போலீஸுக்கு வந்த சிரமத்துக்கு உள்ளே இருப்பவன் ஏன் நாள் கொடுக்கவேண்டும்?

கே: அப்படியென்றால் எதிரியால் (குற்றம் சாட்டப்பட்டவரால்) வந்த தாமதமும் கழியாதா?

ப: இந்தக் கெடுவில் கழியாது. விசாரணைக் கைதிகளுக்கான 479-ஆம் பிரிவில் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.) கழியும். அதிகபட்சத் தண்டனையில் பாதியை உள்ளே கழித்தவருக்கு ஜாமீன், முதல் குற்றம் என்றால் மூன்றில் ஒரு பங்கு போதும். ஆயுள், மரண தண்டனைக் குற்றங்களுக்கு இது இல்லை. எதிரி தரப்பால் வந்த தாமதம் இந்தக் கணக்கில் வெட்டுப்படும். அதனால் தேவையில்லாமல் வாய்தா கேட்கவேண்டாம் என்று வக்கீலிடம் சொல்லிவையுங்கள்.

கே: செக் கேஸ் இழுக்கிறது...

ப: அது வேறு சட்டம். தனியாகக் கேளுங்கள்.

கே: என் மகன் வழக்கில் 60 நாளா, 90 நாளா?

ப: மரண தண்டனை, ஆயுள், பத்து ஆண்டு அல்லது அதற்கு மேல் என்றால் 90. மேலே சொன்ன போதைப்பொருள் வழக்கு போன்றவை தவிர மற்றதெல்லாம் 60. எஃப்.ஐ.ஆரில் உள்ள பிரிவுகளை எழுதுங்கள், ரிமாண்ட் தேதியோடு. இன்றே.