ஏழு நாள் துக்கம், ஒரு நாள்கூட விடுமுறை இல்லை

கேள்வி: சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் யூ இறந்தபோது அந்த ஊர் மக்கள் உண்மையாகவே துக்கப்பட்டார்களா, இல்லை எல்லாம் அரசாங்க ஏற்பாடா?

ஏற்பாடு இருந்தது. ஆனால் அந்த ஏற்பாடு முதல் நாளே போதாமல் போனது. அந்த வாரம் அங்கே வேலையில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன்.

2015 மார்ச் 23, திங்கட்கிழமை. விடிகாலை 3.18க்கு உயிர் பிரிந்தது, வயது 91. நிமோனியாவோடு ஆஸ்பத்திரியில் சேர்த்து ஒன்றரை மாதம் ஆகியிருந்ததால் ஊரே ஓரளவு எதிர்பார்த்திருந்தது. ஏழு நாள் தேசிய துக்கம் என்று பிரதமர், அதாவது அவருடைய மகன், அறிவித்தார். எனக்கு முதலில் தோன்றியதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது: இன்றைக்கு வேலை உண்டா? எம்.ஜி.ஆர். இறந்தபோது பஸ் ஓடாமல் கடையெல்லாம் மூடிக் கிடந்ததைச் சின்ன வயதில் பார்த்தவனுக்கு வேறென்ன தோன்றும்! வேலை இருந்தது. கொடிகள் அரைக்கம்பத்தில் பறந்தன, பள்ளியும் அலுவலகமும் வழக்கம்போல நடந்தன.

புதன்கிழமை உடலைப் பீரங்கி வண்டியில் வைத்து ஜனாதிபதி மாளிகையான இஸ்தானாவிலிருந்து நாடாளுமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். காலை 10 முதல் இரவு 8 வரை அஞ்சலி என்பது திட்டம். எதையும் முன்கூட்டியே கணக்குப் போடுகிற அரசாங்கம் இதில் தப்புக் கணக்குப் போட்டுவிட்டது. வரிசை பல மணி நேரத்துக்கு நீண்டதும் 24 மணி நேரமும் திறந்துவிட்டார்கள், ரயிலும் பஸ்ஸும் விடிய விடிய ஓடின.

நான் வியாழன் இரவு வேலை முடிந்து போனேன். பாடாங் திடலில் ஆரம்பித்து உள்ளே போக ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆனது. தன்னார்வலர்கள் தண்ணீர் பாட்டில் கொடுத்தபடி இருந்தார்கள். எனக்கு முன்னால் ஒரு தமிழ் அம்மா, எழுபது வயதிருக்கும். முதியவர்களுக்குத் தனி வரிசை இருக்கிறதே என்றேன். "வேணாம் தம்பி, நின்னே போறேன்" என்றார். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவராம். அத்தாப்பு ஓலைக் குடிசையிலிருந்து, அரசாங்கம் கட்டிய வீவக அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோன அன்றைக்கு, லிஃப்டில் ஏறி இறங்கியே பொழுது போனதாம். சாவுக்கு வந்த இடத்தில் அதைச் சொல்லிச் சிரித்தார். உள்ளே பெட்டிக்கு முன்னால் கிடைத்தது சில வினாடிதான். கும்பிட்டுவிட்டு வெளியே வந்த பிறகுதான் அழுதார்.

நாலு நாளில் அங்கே வந்தவர்கள் நாலரை லட்சத்துக்கும் மேல். குடிமக்களே அப்போது 34 லட்சத்துக்குள்தான்.

எல்லோரும் அழுதார்கள் என்று சொல்ல மாட்டேன். சியா தை போ என்ற எதிர்க்கட்சிக்காரரை 1966இல் பிடித்து, விசாரணையே இல்லாமல் 23 ஆண்டு அடைத்து வைத்தது இவருடைய அரசாங்கம்தான். அப்படிப்பட்ட கணக்குகளைப் பேச அந்த வாரம் இடமே இல்லை. பொதுமக்கள் மேடைபோட்டுப் பேசுவதற்கென்றே விட்டிருந்த ஹோங் லிம் பூங்காவின் பேச்சாளர் முனையைக்கூட அஞ்சலி இடமாக்கிவிட்டார்கள்.

29ஆம் தேதி ஞாயிறு, இறுதி ஊர்வலம். 15.4 கிலோமீட்டர், கொட்டுகிற மழை. நான் தஞ்சோங் பகார் பக்கம் நின்றேன், அவர் 1955 முதல் கடைசிவரை ஜெயித்த தொகுதி. வண்டி வருகிறது என்றதும், பின்னால் நிற்பவர்களுக்கு மறைக்குமே என்று முன்வரிசையில் குடையை மடக்கி நனைந்தார்கள். கண்ணாடிப் பேழைக்குள் தேசியக் கொடி போர்த்திய பெட்டி. கடந்து போனது அரை நிமிஷம்கூட இருக்காது. யாரோ ஒருவர் "லீ குவான் யூ!" என்று கத்தினார். அப்புறம் தெருவே சேர்ந்து கத்தியது. அந்த ஊர்த் தெருவில் கோஷம் கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை.